வியாழக்கிழமை ப்ரௌனி

ஜூலை 10, சனி

மழை. விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை.

மல்லிகாவின் மாவுக்கட்டு ஓரம் ஊறிவிட்டது. பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். இடது கை, மணிக்கட்டுக்கு மேலே. அவள் புருஷன் குக்கர் மூடியால் அடித்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. எங்கள் லைன் வீடுகளில் கேட்கிறவர்களிடம் குழாயடியில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டே சொல்கிறேன். என் மகளை ஒருத்தன் அடித்தான் என்று என் வாயால் இந்த ஏரவாடாவில் சொல்ல மாட்டேன்.

அவன் பெயர் ஏழுமலை. மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை. முழுப் பெயர் எழுதினால் மை வீண். இனிமேல் ஏ. போதும். மல்லிகா ம.

அவள் மகள் சோனுவுக்கு வியாழக்கிழமை பிறந்தநாள். ஒன்பது முடிகிறது. மராத்திப் பாட்டு ஒப்பித்தால் டீச்சரே கை தட்டுகிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் பேத்தி இங்கிலீஷில் சண்டையே போடுவாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"கேக் நக்கோ ஆயா. எல்லாரும் கேக்தான் வெட்றாங்க. ப்ரௌனி. நீ பாணேர்ல பண்ணுவியே. மேல பட்பட்னு ஒடையும், உள்ள பிசுபிசுன்னு இருக்கும், அது."

பாணேரில் நான் சமைக்கிற வீடு கோயமுத்தூர்க்காரர்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் உத்தியோகம். பள்ளிக்கூட லீவில் சோனுவை ஒருநாள் கூட்டிப் போனபோது ஓரத்துத் துண்டு ஒன்று தின்றாள். அன்றிலிருந்து இதே பேச்சு.

செய்து தருகிறேன் என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

ஜூலை 11, ஞாயிறு

பூட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை ஏ.-க்கு லீவு. குடித்துவிட்டு வாசலில் வந்து நின்று ம.வை வரச்சொல்லிக் கத்துவான். கதவை உதைப்பான். அதனால் பக்கத்து வீட்டு சோபா காலையிலேயே வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். உள்ளே நாங்கள் மூன்று பேர், ஆள் இல்லாத வீடு மாதிரி. குக்கர் வைப்பதில்லை, விசில் கேட்கும். சோனு ரேடியோவைப் போடுகிறாள், நான் அணைக்கிறேன், அவள் முறைக்கிறாள்.

இன்று அவன் வரவில்லை. கோதண்டம் மேஸ்திரி வந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர். பூட்டைப் பார்த்தார், ஜன்னலுக்கு வந்தார். குடைக்குக் கீழே அவர். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், கையில் வெங்காயம் வெட்டுகிற கத்தி.

"இன்னாம்மா இது, ஜெயிலு மாதிரி?"

"ஜெயிலு பக்கத்துலதான அண்ணே குடியிருக்கிறோம்."

"வெள்ளிக்கிழம ஆடி பொறக்குது. அதுக்குள்ள பொண்ண அனுப்பி வெச்சிடு. ஆடியில அனுப்பக் கூடாது, அப்புறம் ஒரு மாசம் தள்ளிப்பூடும்."

"தள்ளட்டும். எலும்பு கூடணும் இல்ல?"

"எலும்பு கூடிடும்மா. குடும்பம் பிரிஞ்சா கூடாது. அவன் திருந்திட்டான். பழைய வேலைய உட்டுட்டு ரஞ்சன்காவ்ல பெரிய கம்பெனியில சேந்துகிறான். பர்மனென்ட் பண்ணப் போறாங்களாம்."

"அந்தக் கம்பெனியில குக்கர் மூடி செய்றாங்களா அண்ணே?"

ம. பின்னாலிருந்து என் புடவையை இழுத்தாள். அவர் போன பிறகு எப்போதும் சொல்கிறதையே சொன்னாள்.

"புள்ளைய ஒரு நாளும் தொட்டதில்லம்மா. சோனுன்னா அவருக்கு உசுரு. அப்பன் இல்லாம எப்படி வளக்கறது?"

அவள் போகத்தான் பார்க்கிறாள். கட்டு பிரிப்பதற்கு முன்னாலேயே போய்விடுவாள் போலிருக்கிறது. போனால் அடுத்த தடவை கையோடு நிற்காது. எனக்குத் தெரியும்.

நான் கண்ணால் பார்த்தவை மட்டும்:
காது மடல். கம்மலோடு சேர்த்து இழுத்தது. தையல்.
முதுகு. பெல்ட். பக்கிள் பதிந்த இடம் இன்னும் கறுப்பு.
முன்பல் பாதி.
இப்போது கை.
பார்க்காதவை அவளுக்குத்தான் தெரியும்.

என்னை என் வீட்டுக்காரர் அடித்ததில்லை. மருந்து பாக்டரியில் வேலை பார்த்த மனுஷன், முன்கோபம்தான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை கையை ஓங்கினார். கொதிக்கிற குழம்பிலிருந்து கரண்டியை எடுத்து மூக்குக்கு நேராக நீட்டினேன். சாகிறவரை திரும்ப ஓங்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் எப்படி இப்படி?

ஜூலை 12, திங்கள்

பாணேர். இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே. முட்டி வீக்கம்.

பேச்சுவாக்கில் சோனு பிறந்தநாளைச் சொல்லிவிட்டேன். மேடம் விடவில்லை.

"ஏனுங்கம்மா, நம்ம ஓவன்லயே போட்டு எடுத்துட்டுப் போயிருங்க. பொருளெல்லாம் இருக்குதுங்களே."

"வேணாங்க. எங்க வூட்லயே ஓவன் கீது."

பொய். சோபாவிடம் இருக்கிறது, வட்டமான அலுமினிய ஓவன், கண்ணாடி வைத்த மூடி. சோபாவிடம் வாங்குவது வேறு. அவள் என் குக்கரைக் கேட்காமலே எடுத்துப் போகிறவள். மேடம் தங்கமான பெண், கேட்டால் கொடுப்பாள். கேட்டு வாங்கிய சாமானில் என் பேத்தி பிறந்தநாள் நடக்காது.

வருகிற வழியில் கேம்ப் கடைத்தெருவில் இறங்கிச் சாமான். மறக்காமல் இருக்க:
சாக்லேட் பாளம். உடைத்துத் தரமாட்டானாம், முழுசாகத்தான். மீதி இருக்கட்டும்.
வெண்ணெய், பாளத்தில் பாதி எடை.
சர்க்கரை ஒன்றரை டம்ளர். பொடித்து.
மைதா முக்கால் டம்ளர். அதற்கு மேல் போட்டால் கேக் ஆகிவிடும்.
கோகோ பொடி.
முட்டை நான்கு. புதன்கிழமை வாங்கிக்கொள்ளலாம்.
அக்ரூட். கை நிறைய.
வெனிலா சொட்டு.
சோடா மாவு கூடாது. கூடவே கூடாது.

மெழுகுவத்தி மறந்துவிட்டது.

ஜூலை 13, செவ்வாய்

செவ்வாய், வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. ஆனால் சாக்லேட் உடைக்கத் தடை இல்லை. கத்தி போட்டால் வழுக்குகிறது. பாளத்தைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுத் தரையில் வைத்து, அம்மியிலிருந்து குழவியை எடுத்தேன்.

முதல் அடி சும்மா. இரண்டாவது அடி போடும்போது அவன் முகம் ஞாபகம் வந்தது. மூக்கு இருக்கிற இடம் பார்த்துப் போட்டேன். பிறகு வாய். பிறகு குக்கர் மூடியைப் பிடித்த கை, ஒவ்வொரு விரலாக. உறை கிழிந்து, சில்லு தெறித்துச் சுவரெல்லாம். மூச்சு இரைத்தது. நல்லாத்தான் இருந்தது.

"ஆயா, பஸ் கர், போதும். அது பவுடர் ஆயிடுச்சு" என்றாள் சோனு.

ம. தரையில் சிதறினதை ஒற்றைக் கையால் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே, "யார அடிச்சம்மா?" என்றாள். சாக்லேட்டை என்றேன்.

சோபா ஓவனைக் கொண்டுவந்து வைத்தாள். கரப்பான் ஒன்று குட்டிகளோடு குடியிருந்தது. செருப்பால் காலி செய்தேன். வினிகர் போட்டுக் கழுவி வெளியே வைத்தால் மழை.

ஜூலை 14, புதன்

எழுதவே வெறுப்பு.

வேலை முடித்து வந்து எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கொதிநீர் மேல் கிண்ணம் வைத்து வெண்ணெயும் சாக்லேட்டும் உருக்கி, முட்டையும் சர்க்கரையும் கையாலேயே அடித்து. வெளுத்து நுரை கட்டும்வரை. ம.வுக்கு இரண்டு கையும் இருந்தால் மாற்றி மாற்றி அடித்திருக்கலாம். தோள் கழன்றுவிட்டது. மாவு பட்டுத் துணி மாதிரி விழுந்தது. ஓவனில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். கண்ணாடி வழியாக சோனு பார்த்துக்கொண்டே இருந்தாள், மேலே இப்போதுதான் பளபளப்பு ஏறுகிறது என்றாள்.

டப் என்று ஒரு சத்தம். லைன் முழுக்க இருட்டு.

எட்டு வீட்டு சீரியலும் நின்றுபோனது. கோடி வீட்டு மோரே டார்ச்சோடு வந்துவிட்டான். யார் வீட்டில் ஹீட்டர், யார் வீட்டில் ஹீட்டர் என்று. நான் ஓவன் என்றேன். மதராசிக் கிழவிக்கு ஓவன் கேட்கிறதா என்றான். உன் பெண்டாட்டி தினமும் கம்பியில் கொக்கி போட்டு இஸ்திரி பண்ணுகிறாளே, நான் கரண்ட் ஆபீசில் போய்ச் சொல்லவா என்றேன். அவன் டார்ச் கீழே விழுந்து உடைந்தது. நான் தள்ளவில்லை. கை பட்டது.

ஓவனைத் திறந்தால் நடுவில் குழி. சுற்றிலும் தோல் மாதிரி. சோனு அழவில்லை. அழுதிருக்கலாம்.

சோபா வழி சொன்னாள். "நாளைக்கு வியாழன், மாவ்ஷி. லைன் வேலை. சாயங்காலம் வரைக்கும் லைட் கிடையாது. ஓவனை மறந்துவிடு. சாச்சா பேக்கரி பட்டியில் போட்டு எடு."

சரிதான். அந்த விறகு அடுப்பில் பாவ் ரொட்டி எடுத்து முடித்த மத்தியானச் சூட்டில் வீட்டுத் தட்டுகளைச் சாச்சா சுட்டுத் தருவார். பண்டிகை வந்தால் பெண்கள் மாவும் நெய்யும் டப்பாவில் கொண்டுபோய் நான்கட்டாய் பிஸ்கட் போட்டு எடுப்பார்கள். ப்ரௌனி யாரும் போட்டதில்லை. நான் போடுகிறேன்.

பாளம் பாதி மீதி இருக்கிறது. பொடி பண்ணியது நல்லதாகப் போயிற்று. வெண்ணெய், முட்டை காலையில்.

படுக்கும்போது ம. கேட்டாள்: "நாளைக்கு வியாழன்தானம்மா?" ஆமாம் என்றேன். விளக்கை ஊதின பிறகு திரும்பவும் அதையே கேட்டாள்.

ஜூலை 15, வியாழன்

இன்றே எழுத வேண்டும். நாளைக்கு என்றால் வேறு மாதிரி ஆகிவிடும்.

காலை. ம. தலை குளித்தாள். ஒற்றைக் கையால் பூ வைத்துக்கொண்டாள். நல்ல புடவை. பிள்ளை பிறந்தநாள் என்று நினைத்தேன். ஞாயிறு இல்லையே, கதவு திறந்தே கிடந்தது. மத்தியானம் தட்டின் அடியில் ஆணியால் சோ என்று கீறி, சோனுவையும் அழைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். ம. வீட்டிலேயே இருக்கிறேன் என்றாள்.

பட்டி வாசலில் ஏழெட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் டப்பா. சாச்சா என் தட்டை எட்டிப் பார்த்தார்.

"யே க்யா ஹை ஆஜி? ஹல்வா?"

ப்ரௌனி என்றேன். முட்டை போட்டதா என்றார். முட்டைத் தட்டு கடைசியில்தான், அதுவும் பட்டி வாயோரம்தான் என்றார். சரி என்று உட்கார்ந்தேன். அவர் ஆள் நீளத் துடுப்பால் தட்டை உள்ளே தள்ளினான். நான் வாயோரமே நின்று வாசனை பிடித்தேன். வெண்ணெய் வாசனை போய்ச் சாக்லேட் வாசனை மேலே வந்ததும், எடு என்றேன்.

"கச்சா ஹை ஆஜி. வேகல, நடுவுல ஆடுது பாரு."

ஆடத்தான் வேண்டும் என்றேன். எடு.

"நாப்பது வருஷமா பட்டி வெச்சிருக்கேன்" என்று ஹிந்தியில் முணுமுணுத்தார். வெச்சிரு, என் தட்டை எடு என்றேன். பெண்கள் சிரித்தார்கள். கோணிச்சாக்கை மடித்து இரண்டு கையிலும் பிடித்துத் தட்டை வாங்கினேன். மேலே மெல்லிசாக வெடித்து, ஓரம் இறுகி, நடுவில் லேசாக ஆட்டம். பாணேரில் கூட இப்படி வந்ததில்லை. சோனு குதித்தாள்.

ஸ்கூட்டர் சத்தம். திரும்பினால் ஏ.

வியாழக்கிழமை. ரஞ்சன்காவ் கம்பெனிகளுக்கு லைன் வேலை நாளில்தான் லீவு. கரண்ட் இல்லாத நாளில் மெஷின் ஓடாதே. ஊருக்கே தெரிந்த விஷயம். கோதண்டம் ஜன்னலில் நின்று ரஞ்சன்காவ் என்று சொன்னாரே, என் மண்டையில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டிவிட்டு வியாழனைத் திறந்துபோட்டு வந்திருக்கிறேன்.

வாசனை வந்தது. சாராயம்.

"இன்னாத்த, நல்லா கீறீங்களா? ஊட்டுக்குப் போனேன். புள்ள இங்க கீதுன்னு மல்லிகா சொன்னா."

"வாங்க மாப்பிள்ள. புள்ள வூட்டுக்கு வரும். நீங்க போங்க."

"எம் பொண்ணு. நான் இட்டுகினு போறேன். அது வந்தா அதும் ஆத்தா தன்னால வருவா. நீ இன்னா நடுவுல?"

சோனு என் பின்னால் ஒளிந்தாள். அவன் எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான். வரமாட்டேன் என்று காலை ஊன்றினாள். முறுக்கினான். மணிக்கட்டை, துணி பிழிகிற மாதிரி. சோனு கத்தின கத்தலில் சாச்சாவின் ஆள் துடுப்பைக் கீழே போட்டுவிட்டான்.

"மாப்பிள்ள, உடுங்க" என்றேன்.

விடவில்லை.

"உடுடா."

கல்யாணம் ஆனதிலிருந்து அவனை நான் டா போட்டதில்லை. அவன் சிரித்தான். இடது கையால் என் வாயில் ஒரு அறை. உதடு கிழிந்தது. உப்பு.

தட்டு கையில்தான் இருந்தது. பட்டிச் சூடு அப்படியே. ஓரத்தைத் திருப்பி முகத்தில் அடித்தேன். கன்னமும் காதும் சேர்கிற இடம். சொய் என்றது. சத்தியமாகச் சத்தம் கேட்டது. மயிர் கருகின நாற்றம். தட்டின் மூலையிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. வெந்த சர்க்கரை, சும்மா விடுமா. பிய்க்கப் பிய்க்கத் தோலோடு வந்தது. ஐயோ ஐயோ என்று மைதா மூட்டை மேல் விழுந்தான். அப்போதும் சோனு கையை விடவில்லை. அந்தக் கை முட்டியில் தட்டாலேயே போட்டேன். ஒன்று. இன்னொன்று. தட்டு நெளிந்தது. விரல் திறந்தது.

எழுந்து என் வயிற்றில் உதைத்தான். சுவரில் போய் மோதினேன். அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். டப்பாவால், குடையால், ஒருத்தி நான்கட்டாய் மாவுருண்டையால். சாச்சா துடுப்பைப் பொறுக்கி முதுகில் ஒன்று வைத்தார். ஓடினான். ஸ்கூட்டரை மூன்று தடவை உதைத்தான், அது கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினான்.

தட்டைப் பார்த்தேன். ஒரு மூலை தவிர மிச்சமெல்லாம் தட்டிலேயே. நடு வேகாததால் ஒட்டிக்கொண்டு நின்றது. சாச்சா சொன்னபடி இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மொத்தமும் சேற்றில். அவரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாயில் ரத்தம் வந்தாலும்.

வீட்டில் ம. வாசலில். தலையில் பூ. மடியில் ஒரு ரோஸ் கலர் கவுன், கடைக் கவரோடு.

"உனக்குத் தெரியுமாடி? இன்னிக்கு அவனுக்கு லீவுன்னு?"

"தெரியும்மா."

"சொல்லல."

"புள்ள பொறந்தநாளுக்கு வருவாருன்னு... கவுன் வாங்கியாந்தாரும்மா. நல்லாத்தான் பேசினாரு. புள்ள எங்கன்னு கேட்டாரு, சொன்னேன்."

கை ஓங்கிவிட்டேன். என் மகள் மேல். அவள் கண்ணை மூடிக் கழுத்தைச் சுருக்கின விதம் இருக்கிறதே. பழகின சுருக்கம். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரில் அறைந்தேன்.

சோனு நடுவில் வந்து மணிக்கட்டைக் காட்டினாள். "மம்மி, பப்பாவே பண்ணாரு."

விரல் தடம் நான்கும் கட்டைவிரல் தடமும். வீங்கி ஊதாவாக. ம. பார்த்தாள். தன் விரல்களை அந்தத் தடத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு கவுனை எடுத்தாள். ஒரு கை மாவுக்கட்டில், அதனால் பாதி உடைந்த முன்பல்லால் கடித்து, கால் கட்டைவிரலில் மிதித்துக் கிழித்தாள். பட்டை பட்டையாக. ஒரு பட்டையை நனைத்துப் பிள்ளை கையில் சுற்றினாள். அடுத்ததை என் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"இல்ல."

சாயங்காலம் கரண்ட் வருவதற்கு முன்பே சோபா நெய் விளக்குத் தட்டோடு வந்து சோனுவுக்குக் குங்குமம் வைத்துச் சுற்றினாள். ப்ரௌனியில் மெழுகுவத்தி இல்லை, அதுவே போதும். கத்தி போட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. சோனு மூன்று துண்டு தின்றாள். நானும் ஒன்று. சாக்லேட்டும் ரத்தமும். இனிப்பு சரியாக இருந்தது.

ஜூலை 16, வெள்ளி

ஆடி முதல் நாள். வேலைக்குப் போகவில்லை. வயிற்றில் அவன் செருப்புத் தடம். மூச்சு இழுத்தால் விலா குத்துகிறது. ஒரு பல் ஆடுகிறது, நாக்கு சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

ஹவல்தார் வந்து போலீஸ் சௌகிக்கு அழைத்துப் போனார். ஏ. புகார் கொடுத்திருக்கிறான், மாமியார் கொதிக்கிற தட்டால் அடித்தாள் என்று. பாதி முகத்துக்கு வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். அது எனக்குப் போதும்.

சாச்சாவும் அந்தப் பெண்களும் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே பேச்சு. குடித்துவிட்டு வந்தான், வழுக்கினான், ஆஜி கையிலிருந்த தட்டின் மேல் தானே விழுந்தான், ஆஜி ஒன்றும் செய்யவில்லை.

"மூணு தடவையா விழுந்தான்?" என்று ஹவல்தார் கேட்டார்.

"தரை ரொம்ப வழுக்கல் சாஹேப்" என்றார் சாச்சா.

எனக்குப் பொறுக்கவில்லை. இல்லை, நான்தான் அடித்தேன், நன்றாகப் பார்த்து அடித்தேன் என்று சொல்ல எழுந்தேன். சோபா என் காலை மிதித்தாள். அந்தக் கால் இன்னும் வலிக்கிறது. செய்த காரியத்தைச் செய்யவில்லை என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது உதையை விட மோசம்.

ம. எழுந்தாள். மாவுக்கட்டை மேஜை மேல் வைத்தாள். சோனு கையைப் பக்கத்தில் வைத்தாள். "இது குழாயடில வழுக்கினது இல்ல சாஹேப்" என்று ஹிந்தியில் ஆரம்பித்தாள். காது, முதுகு, பல், எல்லாவற்றையும் சொன்னாள். லைன் மொத்தமும் கேட்டுக்கொண்டு நின்றது. வெட்கத்தில் தரையைப் பார்ப்பேன் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

ஹவல்தார் எழுதிக்கொண்டார். ஏ.வைப் பார்த்து, லைன் பக்கம் தலை வைத்தால் உள்ளேதான் என்றார். ஜெயில் இங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்றார்.

சாயங்காலம் கோதண்டம் வந்தார். இப்போது பூட்டு இல்லை, உள்ளேயே வந்தார்.

"ஆடி பொறந்துடுச்சு, பரவால்ல. அவன் புகார வாபஸ் வாங்கிக்கறானாம். நீங்களும் வாங்கிக்கணும். உங்கம்மா ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டா போதும். மாப்பிள்ள மேல கை வெச்சது தப்புதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் ம. நெளிந்த தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நேற்று மிச்சம் இரண்டு துண்டு.

"எடுத்துக்குங்க மாமா. சோனு பொறந்தநாளு."

எடுத்துக் கடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். இன்னொரு கடி.

"அதே தட்டுதான். அந்த மூல மட்டும் அவரு தின்னுட்டாரு" என்றாள் ம. "தட்டு இங்கதான் இருக்கும்னு சொல்லுங்க."

மென்றதை விழுங்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. தண்ணீர் கொடுத்தேன்.

ஜூலை 18, ஞாயிறு

பூட்டவில்லை. தட்டின் நெளிவை எடுத்துத் தருகிறேன் என்று சோபாவின் மகன் சுத்தியோடு வந்தான். வேண்டாம் என்றேன்.

பாணேர் மேடம் போனில், என்னாச்சுங்கம்மா, இரண்டு நாளாக வரவில்லையே என்று. ப்ரௌனி நன்றாக வந்ததா என்று கேட்டாள். நன்றாக வந்தது, பட்டியில் சுட்டேன், உங்கள் ஓவனை விட மேல் என்றேன்.

ஜூலை 22, வியாழன்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மழை விட்டு நல்ல வெயில். துணியெல்லாம் கொடியில்.

சோபா பூட்டோடு வந்தாள். இனிமேல் வியாழன்தான் பூட்டு நாள் என்று பேசி வைத்திருந்தோம். சௌகியில் சொன்னதற்கெல்லாம் குடிகாரன் பயப்படுவானா. ம. வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டு வேணாம் தாயி."

"அவன் வந்தா?" என்றாள் சோபா.

"வரட்டும்."

பக்கத்தில் குழவி. பூண்டு நசுக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நசுக்க அம்மி வேண்டும். அம்மி உள்ளே இருந்தது.

குக்கரில் பருப்பு ஏற்றினேன். விசில் வந்தது, நன்றாகக் கூவட்டும் என்று விட்டேன். சோனு ரேடியோவைப் போட்டாள். அணைக்கவில்லை.

லைன் முனையில் ஸ்கூட்டர் சத்தம். ம. பூண்டை முறத்தில் போட்டுவிட்டுப் புடவையில் கையைத் துடைத்தாள்.